மைக்ரோவேவ்ல பொறி பறக்குது, சூடு ஏறல, டப்பா உருகுது: மொதல்ல எதைப் பாக்கணும்?

மைக்ரோவேவ் ஏதாவது வித்தியாசமா நடந்துக்கிட்டா உடனே மெஷின் போச்சுன்னு முடிவு பண்ணி மெக்கானிக்குக்கு போன் போட்டுடுறோம். பெரும்பாலும் தப்பு மெஷின்ல இருக்காது, உள்ள வச்ச பாத்திரத்துல இருக்கும், இல்லன்னா சாப்பாட்டை வச்ச விதத்துல இருக்கும். அதனால கீழ இருக்குற எந்தப் பிரச்சனையா இருந்தாலும் இதே வரிசையில சந்தேகப்படுங்க: மொதல்ல பாத்திரம், அடுத்து சாப்பாடு, கடைசியாத்தான் மெஷின்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கண்டிஷன். வெளில இருக்குற தகர கவரை மட்டும் கழட்டாதீங்க. உள்ள இருக்குற டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் ஆயிரக்கணக்கான வோல்ட்ல வேலை செய்யுது, பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல கரன்ட் தேங்கி நிக்கும், தொட்டா ஆளையே கொல்ற அளவுக்கு. மிக்ஸி, ஃபேன் எல்லாம் கழட்டிப் பழகின கைக்கு இது சாதாரணமாத் தெரியும், ஆனா வீட்டு சாமான்லயே இது தனி ரகம். இங்க நான் சொல்றது எல்லாமே கதவைத் திறந்து வெளில இருந்தே பாக்கக் கூடியது மட்டும்தான்.

அப்புறம் இது எப்படி சூடு பண்ணுதுன்னு ரெண்டு வரி தெரிஞ்சா மிச்சம் எல்லாம் தானாப் புரியும். 2450 மெகாஹெர்ட்ஸ் அலை, நீளம் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர், அதை சாப்பாட்டுல இருக்குற தண்ணி உறிஞ்சிக்கிட்டு சூடாகுது. கண்ணாடி, பீங்கான், சில பிளாஸ்டிக் இதெல்லாம் அலையை அப்படியே உள்ள விட்டுடும், உலோகம் திருப்பி அடிச்சிடும், இன்னும் சில பொருள் இருக்கு, அது அலையைத் தானே குடிச்சிட்டு சூடாகும். நம்ம பிரச்சனைல பாதி இந்த மூணுல எது எதுன்னு தெரியாம உள்ள வைக்கிறதால வர்றதுதான்.

உள்ள பொறி பறக்குது, டப் டப்னு சத்தம் வருது

உடனே நிறுத்துங்க. கதவைத் திறந்தாலே நின்னுடும், ஆனா ஸ்டாப் பட்டனை அமுக்கிட்டுத் திறக்குறது நல்ல பழக்கம். இப்போ உள்ள என்ன வச்சிருந்தீங்கன்னு பாருங்க.

ஸ்பூன், ஃபோர்க், கத்தி உள்ள மாட்டிக்கிச்சான்னு பாருங்க, ஃபோர்க் பல்லு மாதிரி கூரான முனைல மின்சாரம் குவிஞ்சு பக்கத்துல இருக்குற முனைக்குத் தாவும், அதான் அந்தப் பொறி. அலுமினியம் ஃபாயில் கசங்கி சுருங்கி இருந்தாலும் இதே கதைதான். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற உலோகம், கஷ்டம் இல்ல. தெரியாத உலோகம்தான் ஏமாத்தும். பீங்கான் தட்டோட விளிம்புல ஓடுற தங்கக் கோடு, வெள்ளிக் கோடு பெயின்ட் இல்லங்க, நெசமாவே உலோகம்தான். கப்போட அடில மினுமினுக்குற லோகோ, டப்பா வாயைக் கட்டியிருக்குற கம்பி வச்ச ரிப்பன், பேப்பர் பையில அடிச்சிருக்குற ஸ்டேப்ளர் பின், வெளில பிளாஸ்டிக்கும் உள்ள ஸ்டீலுமா இருக்குற டிபன் டப்பா, சூடு ஆறாம வச்சிருக்குற ஸ்டீல் மக், எல்லாமே இந்த லிஸ்ட்தான். ஃபிளாஸ்க் மாதிரி ரெண்டு சுவர் வச்ச ஸ்டீல் கப்பை எந்தக் காரணத்துக்காகவும் உள்ள வைக்காதீங்க.

"நான் ஸ்டீல் கிண்ணம் வச்சேன், பொறியே வரலயே"ன்னு சொல்றவங்க இருக்காங்க. வழுவழுன்னு முனை இல்லாத கிண்ணம், சுவருல ஒட்டாம நடுவுல இருந்தா பொறி வராமலும் போகலாம்தான், ஆனா பக்கவாட்டுலயும் அடிலயும் அலை உள்ள போகாது, மேல திறந்திருக்குற இடம் வழியா மட்டும்தான் போகும், அதனால சாப்பாடு மேலாப்புல மட்டும் சூடாகும். கிண்ணம் கொஞ்சம் நகர்ந்து சுவர்கிட்ட போனா பொறி கிளம்பி பெயின்ட் எரிஞ்சிடும். எதுக்கு அந்த ரிஸ்க்?

பாத்திரத்துல உலோகமே இல்ல, அப்பவும் பொறி வருதுன்னா உள் சுவரைப் பாருங்க. வழக்கமா வலது பக்கச் சுவருல தகடு மாதிரி, அட்டை மாதிரி ஒண்ணு இருக்கும், பழுப்பு இல்லன்னா வெள்ளி சாயல்ல, அது மைக்கா ஷீட். அலை உள்ள வர்ற வாசலை மூடியிருக்குற திரை அது. நிறைய பேர் அதைப் பேக்கிங்ல வந்த அட்டைன்னு நெனச்சு பிச்சு எறிஞ்சிடுறாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க. சாப்பாடு தெறிச்சு அதுல எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சு, பிசுக்கு எரிஞ்சு கரியாகி, அந்தக் கரி மின்சாரம் கடத்தி, அப்புறம் வெறும் தண்ணி வச்சாக்கூட அந்த ஒரே இடத்துல பொறி வரும். லேசான பிசுக்குன்னா ஈரத் துணியால தொடச்சு நல்லா காய விட்டா சரியாயிடும், கருகி ஓட்டை விழுந்திருந்தா மாத்தணும். சல்லிசான ஸ்பேர்தான், மாடலுக்கு ஏத்த சைஸ்ல கிடைக்கும், பெரிய ஷீட்டா வாங்கி பழசை அளவா வச்சு வெட்டிக்கவும் செய்யலாம். அதுக்காக ஷீட் இல்லாம ஓட்டிடாதீங்க, தெறிக்கிற பிசுக்கு நேரா அலையை உண்டாக்குற மேக்னட்ரான் பக்கம் போயிடும்.

மைக்காவும் சரியா இருக்கு, அப்பவும் பொறின்னா சுவர்ல, தரையில பெயின்ட் உரிஞ்சு தகரம் தெரியுதான்னு பாருங்க, கிரில்லுக்குக் குடுத்த கம்பி ஸ்டாண்டை எடுக்காம விட்டுட்டீங்களான்னும் பாருங்க. பெயின்ட் உரிஞ்ச இடத்துக்கு மைக்ரோவேவ் உள் சுவருக்குன்னே பெயின்ட் விக்கிறாங்க, சாதா பெயின்ட் பூசக் கூடாது. துரு பிடிச்சு ஓட்டையே விழுந்துடுச்சுன்னா அந்த ஓவனுக்கு கும்பிடு போட்டுட வேண்டியதுதான், சரி பண்ற விஷயம் இல்ல.

இன்னொண்ணு, சில நேரம் சாப்பாடே பொறி விடும். கேரட் துண்டு, பீன்ஸ் துண்டெல்லாம் தண்ணி இல்லாம ஒண்ணோட ஒண்ணு லேசா தொட்டுக்கிட்டு இருந்தா அந்தத் தொடுற இடத்துல பொறி வரும். ரெண்டா வெட்டின திராட்சைல நெருப்புப் பந்தே கிளம்பும், அது ஏன்னு 2019ல கனடா ஆராய்ச்சியாளர்கள் விளக்கினாங்க, ரெண்டு துண்டும் தொடுற இடத்துல அலை குவிஞ்சு அங்க இருக்குற உப்பு அயனிகளை எரிய விடுதாம். வீட்டுல செஞ்சு பாக்காதீங்க, உள் பக்கம் கருகிடும். காய்னா கொஞ்சம் தண்ணி ஊத்தி மூடி வைங்க, பொறி போயிடும்.

பாத்திரம் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்குது, சாப்பாடு ஆறிக் கெடக்குது

மேல சொன்ன மூணாவது வகை இதுதான், பாத்திரமே அலையைக் குடிக்குது. சாப்பாட்டுச் சூடு பாத்திரத்துக்கு ஏறி அது சூடாகுறது சகஜம், அது வேற. சாப்பாட்டை விட பாத்திரம் அதிகம் சூடாச்சுன்னாதான் தப்பு.

சரியா பூச்சு இல்லாத மண் பாத்திரம், கிளேஸ்ல கீறல் விழுந்த பீங்கான், இதெல்லாம் கழுவும்போது தண்ணியை உள்ள இழுத்து வச்சுக்கும், அந்தத் தண்ணி சூடாகிப் பாத்திரம் வெடிக்கவும் செய்யும். மெலமைன் தட்டும் இப்படித்தான், பாக்க பீங்கான் மாதிரியே இருக்கும், கீழ விழுந்தா உடையாது, அதான் வீட்டுல நிறைய சேந்துடுது. அது ஒரு ரெசின், மைக்ரோவேவ்ல தானே சூடாகும், அந்தச் சூட்டுல அதுல இருக்குற சமாச்சாரம் சாப்பாட்டுல இறங்க வாய்ப்பு இருக்கு, புளிப்பான சாப்பாடுன்னா இன்னும் ஜாஸ்தி. பரிமாற வச்சுக்கோங்க, சூடு பண்ண வேண்டாம்.

எந்தப் பாத்திரம் ஆகும்னு சந்தேகமா இருந்தா டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அந்தப் பாத்திரத்தைக் காலியா வைங்க, பக்கத்துலயே ஒரு கண்ணாடி கப்ல முக்கால்வாசி தண்ணி வைங்க, ஃபுல் பவர்ல 1 நிமிஷம் ஓட்டுங்க. தண்ணி சூடாகி பாத்திரம் ஜில்லுன்னு இருந்தா தைரியமா பயன்படுத்தலாம், பாத்திரம் லேசா வெதுவெதுன்னு இருந்தா கொஞ்ச நேரம் சூடு காட்ட மட்டும் வச்சுக்கலாம், பாத்திரம் சூடாகி தண்ணி அப்படியே இருந்தா வேண்டவே வேண்டாம். தண்ணி கப் இல்லாம இந்த டெஸ்ட்டைப் பண்ணக் கூடாது, அலையை வாங்கிக்க உள்ள ஆள் இல்லன்னா அது திரும்பி மேக்னட்ரானுக்கே போகும், காலி ஓவனை ஓட்டக் கூடாதுன்னு சொல்றதும் இதுக்குத்தான். உலோகம் இருக்குற பாத்திரத்துக்கும் இந்த டெஸ்ட் கிடையாது.

டப்பா நெளிஞ்சு போச்சு, பிளாஸ்டிக் வாடை வருது

டப்பாவைத் திருப்பி அடிப் பக்கம் பாருங்க. முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். 5ன்னா பாலிப்ரொப்பிலீன், அது கிட்டத்தட்ட 160 டிகிரி வரைக்கும் உருகாது, மைக்ரோவேவுக்குன்னு செய்ற டப்பாங்க பெரும்பாலும் இதான். 1 தண்ணி பாட்டில் பிளாஸ்டிக், கொதி தண்ணிக்கு முன்னாடியே தொளதொளன்னு ஆயிடும். 6 தெர்மோகோல் கப், தட்டு வகையறா, அதுவும் ஆகாது. 3ம் ஆகாது. 7னா இன்ன பிற எல்லாத்தையும் சேத்துப் போடுற நம்பர், அதை வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது. நம்பர் 5 இருந்தாலும் அலை அலையா கோடு போட்ட மைக்ரோவேவ் குறி இருக்கான்னு சேத்துப் பாருங்க. அந்தக் குறி டப்பாவுக்கு மட்டுமா, மூடிக்கும் சேத்தான்னும் பாருங்க, டப்பா 5ஆவும் மூடி 4ஆவும் வர்றது ரொம்ப சகஜம், மூடிதான் மொதல்ல நெளியும்.

சரியான டப்பாவே வச்சேன், அப்பவும் உள்ள கொப்பளம் மாதிரி சொரசொரன்னு ஆயிடுச்சுன்னு சொல்றீங்களா, உள்ள எண்ணெயோ சர்க்கரையோ அதிகமா இருந்திருக்கும். தண்ணி 100 டிகிரி தாண்டாது, எண்ணெயும் சர்க்கரைப் பாகும் சர்வ சாதாரணமா தாண்டும், அது ஒட்டுன எடத்துல பிளாஸ்டிக் அரிச்சிடும். எண்ணெய் மிதக்குற எதையும் கண்ணாடிக்கு மாத்திக்கிறது நல்லது. கீறல் விழுந்து நிறம் மங்கின டப்பாவையும் சூடு பண்றதுல இருந்து ரிட்டயர் பண்ணிடுங்க. ஐஸ்கிரீம் டப்பா, வெண்ணெய் டப்பா, பார்சல்ல வந்த மெல்லிசு டப்பா எல்லாம் ஒரு தடவைக்குன்னு செஞ்சது. ஒட்டுற பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுறவங்க அது சாப்பாட்டைத் தொடாம பாத்துக்கணும், ஒரு ஓரத்தைத் திறந்தும் விடணும்.

இதுல பெரிய குழப்பம் ஒண்ணு இருக்கு, கன்வெக்‌ஷன் ஓவன் வச்சிருக்குறவங்க நெறைய பேர் மாட்டிக்கிறது இதுலதான். ஒரே பெட்டி, ஆனா உள்ள ரெண்டு மூணு மெஷின் இருக்கு. மைக்ரோ மோட்ல கண்ணாடி, பீங்கான், 5ம் நம்பர் பிளாஸ்டிக் ஆகும், உலோகம் ஆகாது. கன்வெக்‌ஷன்லயும் கிரில்லுலயும் நெசமான அனல் அடிக்குது, 180 டிகிரி, 200 டிகிரின்னு, அங்க அலுமினியம் கேக் டின் தாராளமா வைக்கலாம், பிளாஸ்டிக் வச்சா உருகி வழியும். காம்பி மோட்ல மைக்ரோவும் அனலும் மாறி மாறி ஓடுறதால உலோகமும் கூடாது, பிளாஸ்டிக்கும் கூடாது, சூடு தாங்குற கண்ணாடி ஒண்ணுதான் நம்பிக்கையான வழி, ஓவனோடயே வந்த ஸ்டாண்டை மட்டும் மேனுவல்ல சொல்லியிருந்தா வச்சுக்கலாம். இதுல இன்னொரு சிக்கல்: கேக் போட்டு முடிச்சதும் உள் பக்கம் அனலா இருக்கும், அந்த நேரம் பாத்து மைக்ரோ மோட்ல பால் சூடு பண்ண பிளாஸ்டிக் கப்பை வைப்போம், மோட் சரிதான், ஆனா கீழ இருக்குற தட்டே சுடுது, கப் அடி ஒட்டிக்கும். கதவைத் திறந்து ஆற விட்டுட்டு வைங்க.

கண்ணாடிக் கிண்ணம் விரிசல் விட்டுச்சு, ஏன் சும்மா வச்சதுக்கே உடைஞ்சிடுச்சு

கண்ணாடி எல்லாம் ஒண்ணு கிடையாது. போரோசிலிகேட்னு எழுதியிருக்குறது சூட்டு மாத்தத்தை நல்லா தாங்கும், சாதாரண குடிக்கிற கிளாஸ் தாங்காது. ஆனா போரோசிலிகேட்டா இருந்தாலும் ஃப்ரீசர்ல இருந்து எடுத்து நேரா ஃபுல் பவர்ல வைக்கிறது, சூடா வெளில எடுத்து ஈரமான கல் மேல வைக்கிறது, சுடுற கிண்ணத்துல குளிர்ந்த தண்ணி ஊத்துறது, இந்த மூணும் வேண்டாம். வெளில எடுத்தா காஞ்ச துணி மேலயோ மரப் பலகை மேலயோ வைங்க. மின்னுற கட்டிங் கிளாஸ், அதாவது கிரிஸ்டல், ஈயம் கலந்தது, உள்ள போகவே கூடாது. சுத்துற தட்டுல விரிசல் தெரிஞ்சா அதையும் மாத்திடுங்க, அது ஒட்டற விஷயம் இல்ல.

ஓரம் எல்லாம் கொதிக்குது, நடுவுல ஐஸ் மாதிரி இருக்கு

இது கோளாறே இல்ல, மைக்ரோவேவோட சுபாவம். அலைங்க சுவருல பட்டுத் திரும்பி ஒண்ணோட ஒண்ணு மோதி, சில இடத்துல பலமாவும் சில இடத்துல ஒண்ணுமே இல்லாமலும் நிக்கும், பலமான இடத்துக்கும் அடுத்த பலமான இடத்துக்கும் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இருக்கும். தட்டு சுத்துறதே அதைச் சமாளிக்கத்தான். அலை சாப்பாட்டுக்குள்ள 2, 3 சென்டிமீட்டர் வரைதான் நல்லா போகும், அதுக்கு உள்ள இருக்குற நடுப்பகுதிக்கு வெளில இருந்து சூடு பரவித்தான் வரணும், அதுக்கு நேரம் வேணும்.

அதனால மலை மாதிரி குவிச்சு வைக்காதீங்க, பரத்தி வைங்க, நடுவுல ஒரு குழி விட்டு வளையமா வச்சா இன்னும் நல்லது. மூலை வச்ச சதுரக் கிண்ணத்தை விட வட்டக் கிண்ணத்துல சமமா சூடாகும், சதுரத்துல மூலையெல்லாம் காஞ்சு போகும். மூடி வைங்க, ஆவி உள்ளயே சுத்தும். பாதி நேரத்துல நிறுத்தி கிளறுங்க. முடிஞ்சதும் ஒண்ணு ரெண்டு நிமிஷம் அப்படியே விடுங்க. இந்த விடுறதைத்தான் எல்லாரும் விட்டுடுறோம். மிச்சம் வச்ச சாப்பாடுன்னா உள்ள 74 டிகிரி வரைக்கும் ஏறினாத்தான் கிருமி விஷயத்துல கவலை இல்ல, ஒரு ஓரம் கொதிச்சதை வச்சு முழுசும் ஆச்சுன்னு நம்பாதீங்க, இறைச்சி சேந்த சாப்பாடுன்னா ரொம்பவே கவனம்.

ஃப்ரீஸ் ஆனதுக்கு ஃபுல் பவர் கூடவே கூடாது. ஐஸ் இந்த அலையை ரொம்பக் கம்மியாத்தான் உறிஞ்சும், அது உருகின தண்ணி நல்லா உறிஞ்சும், அதனால எந்த இடம் மொதல்ல உருகுச்சோ அதுவே மேல மேல சூடாகி வெந்து போகும், பக்கத்துல கல்லா இருக்கும். டிஃப்ராஸ்ட்ல, இல்லன்னா 30 சதவீத பவர்ல வைங்க. பவரைக் குறைச்சா மெஷின் கொஞ்ச நேரம் ர்ர்ருன்னு ஓடி கொஞ்ச நேரம் அமைதியா இருந்து மறுபடி ஓடும், அது ரிப்பேர் இல்ல, சாதா மாடல் எல்லாம் பவரைக் குறைக்கிறதே இப்படி ஆன் ஆஃப் பண்ணித்தான். இன்வெர்ட்டர் மாடல் மட்டும்தான் தொடர்ந்து குறைஞ்ச பவர்ல ஓடும்.

கைக்குழந்தை பால் பாட்டிலை இதுல சூடு பண்ணாதீங்க. பாட்டில் தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், உள்ள ஒரு இடத்துல பால் நாக்கைச் சுடுற அளவுக்கு இருக்கும். சுடு தண்ணிப் பாத்திரத்துல பாட்டிலை நிக்க வைக்கிறதுதான் சரி.

வெடிச்சு சிதறுது

தோல் இருக்குற எதுவும், மூடி இறுக்கமா இருக்குற எதுவும் உள்ள ஆவி சேந்து வெடிக்கும். உருளைக்கிழங்குல நாலு இடத்துல ஃபோர்க்கால குத்திட்டு வைங்க. ஓட்டோட முட்டை வைக்கவே கூடாது, ஏற்கனவே வேக வச்சு ஓடு உரிச்ச முட்டையும் கூடாது, அது இன்னும் மோசம், சில சமயம் ஓவன்ல அமைதியா இருந்துட்டு வெளில எடுத்து கடிக்கும்போது வெடிக்கும். டப்பா மூடியைத் திறந்து மேல சும்மா சாத்தி வைங்க. எடுக்கும்போது மூடியை உங்க முகத்துக்கு எதிர்ப்பக்கமாத் தூக்குங்க, ஆவி சுடும்.

வெறும் தண்ணி சூடு பண்றது எல்லாத்துலயும் அமைதியான ஆபத்து. புது வழுவழு கப்ல தண்ணியை வச்சு ரொம்ப நேரம் ஓட்டினா 100 டிகிரி தாண்டியும் குமிழியே வராம சும்மா நிக்கும், ஏன்னா குமிழி ஆரம்பிக்க ஒரு சொரசொரப்பு வேணும், அங்க இல்ல. இன்னும் கொதிக்கலயேன்னு இன்னொரு நிமிஷம் வைப்போம், அப்புறம் எடுத்து ஸ்பூனையோ காபித்தூளையோ போட்டதும் மொத்தமா பொங்கி கையிலயும் முகத்துலயும் அடிக்கும். கப்ல ஒரு மரக் குச்சியோ மர ஸ்பூனோ போட்டே வைங்க, தேவைக்கு மேல நேரம் குடுக்காதீங்க, முடிஞ்சதும் அரை நிமிஷம் விட்டு எடுங்க. ஆறின தண்ணியை ரெண்டாவது தடவை அப்படியே சூடு பண்றப்போ இது இன்னும் சுலபமா நடக்கும், ஏன்னா மொதல் தடவையே உள்ள இருந்த காத்தெல்லாம் போயிருக்கும்.

புகை வருது, நெருப்பே பிடிச்சிடுச்சு

கதவைத் திறக்காதீங்க! மூடியே வைங்க, ஸ்டாப் அமுக்குங்க, சுவர் சுவிட்சை அணைங்க இல்லன்னா பிளக்கைப் பிடுங்குங்க. காத்து இல்லாம உள்ளயே அணைஞ்சிடும். திறந்தா காத்து போயி கொழுந்து விடும். அணையுற மாதிரி தெரியலன்னா வீட்டை விட்டு எல்லாரும் வெளில போயி தீயணைப்புக்கு கூப்பிடுங்க.

எதுனால வரும்னா, தண்ணிச் சத்து இல்லாத பொருளை ரொம்ப நேரம் வச்சா. காஞ்ச ரொட்டித் துண்டு, கொஞ்சூண்டு கொட்டை வகை, பாப்கார்ன் பையை மறந்து விட்டது, இதெல்லாம்தான். பாப்கார்ன்ல பொரியுற சத்தம் ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ரெண்டு செகண்ட் இடைவெளி வந்தா நிறுத்திடணும், பட்டன்ல இருக்குற நேரத்தை நம்பி வேற ரூமுக்குப் போகாதீங்க. நியூஸ்பேப்பர், பழுப்புக் காகிதப் பை, மறுசுழற்சி டிஷ்யூ எதுவும் வேண்டாம், அதுல பொடிப் பொடியா உலோகம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. எண்ணெய் ஊத்திப் பொரிக்கிற வேலையும் இதுல கிடையாது, எண்ணெய் எவ்வளவு சூடாச்சுன்னு கட்டுப்படுத்த இதுல வழியே இல்ல. ஓவனைத் துணி பீரோ மாதிரி நினைச்சு மேல டவல் மடிச்சு வைக்கிறதும், காத்து போற ஜன்னல் ஓட்டையை அடைக்கிறதும் கூடாது, மேனுவல்ல சுத்தி எவ்வளவு இடம் விடணும்னு இருக்கும், அதை விடுங்க.

லைட் எரியுது, தட்டு சுத்துது, ஆனா சூடே ஆகல

மொதல்ல சில்லறை விஷயம். பவர் லெவல் 10, 20 சதவீதத்துல மாட்டி நிக்குதா? தெரியாம கிரில் மோடா? சில மாடல்ல கடைல காட்டுறதுக்குன்னு டெமோ மோட் இருக்கு, எல்லாம் ஓடும், சூடு மட்டும் வராது, மேனுவல்ல அதை எடுக்குற பட்டன் வரிசை இருக்கும்.

அப்புறம் தண்ணி டெஸ்ட். மைக்ரோவேவுக்கு ஆகுற பெரிய கிண்ணத்துல 1 லிட்டர் தண்ணி, தெர்மாமீட்டர் வச்சு சூட்டைக் குறிச்சுக்கோங்க, ஃபுல் பவர்ல 2 நிமிஷம், எடுத்து கிளறி மறுபடி பாருங்க. எத்தனை டிகிரி ஏறுச்சோ அதை 35ஆல பெருக்கினா உங்க ஓவன் நெசமா குடுக்குற வாட்ஸ் தோராயமா வந்துடும். 20 டிகிரி ஏறுச்சுன்னா 700 வாட்ஸ். கிண்ணமும் கொஞ்சம் சூட்டைத் தின்னும், அதனால பெட்டில எழுதினதை விட கொஞ்சம் கம்மியா வந்தா பயப்பட வேண்டாம். பாதிதான் வருதுன்னா மெஷின் சோர்ந்து போச்சு, இல்லன்னா வீட்டு வோல்டேஜ் இறங்கியிருக்கு, வேற நேரத்துல இன்னொரு தடவை பாருங்க. கொஞ்சம்கூட ஏறலன்னா மேக்னட்ரான், ஹை வோல்டேஜ் டயோடு, கெப்பாசிட்டர், இல்லன்னா கதவு சுவிட்ச், இதுல ஒண்ணு. ரெண்டாம் உலகப் போர்ல ரேடாருக்குன்னு வளந்த அதே மேக்னட்ரான்தான், 1945ல ரேதியான் கம்பெனியோட பெர்சி ஸ்பென்சர் அதை சமையலுக்கு இழுத்துட்டு வந்தாரு. சூடு இல்லாம கூடவே வழக்கத்தை விட பெருசா உர்ர்ருன்னு உறுமுதுன்னா டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம், தொடர்ந்து ஓட்டிப் பாக்காதீங்க. மேக்னட்ரான் மாத்த சொல்ற தொகையைக் கேட்டுட்டு புது ஓவன் விலையோட வச்சுப் பாருங்க, பழைய ஓவனா இருந்தா என் ஓட்டு புதுசுக்குத்தான், டயோடு மட்டும்னா ரிப்பேருக்கு.

ஸ்டார்ட்டே ஆகல

டிஸ்ப்ளே எரியுது, பட்டன் மட்டும் கேக்கலன்னா சைல்ட் லாக், பூட்டு படம் தெரியும், பெரும்பாலான மாடல்ல ஸ்டாப் பட்டனை 3 செகண்ட் அமுக்கிப் பிடிச்சா போயிடும். அது இல்லன்னா கதவு. கதவோட கொக்கி உள்ள போயி சுவிட்சுகளை அமுக்கினாத்தான் ஓடும், கொக்கி உடைஞ்சாலோ ஓட்டைல ரொட்டித் துகள் அடைச்சாலோ ஓடாது. கதவைக் கையால அழுத்திப் பிடிச்சா ஓடுது, விட்டா நிக்குதுன்னா அப்படியே பிடிச்சுக்கிட்டு காலம் தள்ளாதீங்க, சுவிட்ச் பழுதாகிட்டே வருதுன்னு அர்த்தம்.

டிஸ்ப்ளேவே இல்லன்னா வேற சாமானை அந்த சாக்கெட்ல போட்டுப் பாருங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டிருந்தா எடுத்துட்டு எர்த் இருக்குற சுவர் சாக்கெட்ல நேரா போடுங்க, 800 வாட்ஸ் சமைக்கிற ஓவன் சுவர்ல இருந்து 1200 வாட்ஸுக்கு மேல இழுக்கும், கன்வெக்‌ஷன்ல அதுக்கும் மேல. சாக்கெட் நல்லா இருக்கு, ஓவன் மட்டும் செத்துக் கெடக்குன்னா உள் ஃபியூஸ், அது கவருக்குள்ள இருக்கு, மெக்கானிக் வேலை. ஃபியூஸை மாத்தி மறுபடி போகுதுன்னா பெரிய ஃபியூஸ் போடச் சொல்லாதீங்க, கதவு சுவிட்ச் சரியா வேலை செய்யலன்னா ஃபியூஸை வேணும்னே எரிய விடுற ஒரு காவல் சுவிட்ச் உள்ள இருக்கு, அது அதோட வேலையைத்தான் செய்யுது.

தட்டு சுத்தல, சத்தம், நாத்தம்

தட்டை எடுத்துட்டு கீழ இருக்குற சக்கர வளையத்தைக் கழுவி, நடுவுல தட்டைச் சுத்தி விடுற கப்ளர்ல தட்டு சரியா உக்காந்திருக்கான்னு பாருங்க, நீளமான பாத்திரம் சுவருல இடிச்சாலும் நிக்கும். ஒரு தடவை இடமா, ஒரு தடவை வலமா சுத்துறது அந்த மோட்டாரோட இயல்பு. சமையல் முடிஞ்சும் ஃபேன் ஓடுறதும் இயல்பு, ஆறிக்கிட்டு இருக்கு, பிளக்கைப் பிடுங்காதீங்க. கதவுல உள் பக்கம் தண்ணி முத்து முத்தா நிக்கிறதும் அப்படித்தான், தொடச்சு விடுங்க.

நாத்தத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணில எலுமிச்சைத் துண்டு இல்லன்னா கொஞ்சம் வினிகர், கூடவே மரக் குச்சி, 3 நிமிஷம் ஓட்டி 5 நிமிஷம் கதவைத் திறக்காம விட்டு தொடச்சா போயிடும். இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீங்க, பெயின்ட் போயிடும், அறுந்த நார் ஒண்ணு உள்ள கெடந்தாலும் பொறி வரும்.

ஓவன் ஓடும்போது வைஃபை படுத்துடுது, கதிர் லீக் ஆகுதோ?

வைஃபையும் ஓவனும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் குடியிருக்குது, சட்டம் அனுமதிக்கிற துளியூண்டு கசிவே வைஃபையைக் குழப்பப் போதும். ரௌட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, முடிஞ்சுது. அமெரிக்காவுல வச்சிருக்குற வரம்பு 5 சென்டிமீட்டர் தூரத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட், தள்ளி நின்னா அதுவும் வேகமா குறைஞ்சிடும். கதவுல இருக்குற ஓட்டை ஓட்டையான தகட்டைப் பாத்து பயப்படுறவங்க உண்டு, ஓட்டை 1, 2 மில்லிமீட்டர், அலை 12 சென்டிமீட்டர், வெளிச்சம் வரும், அந்த அலை வராது. உள்ள போனை வச்சு ரிங் போகுதான்னு பாக்குற டெஸ்ட்டால ஒண்ணும் தெரியாது, போனுக்கு வேண்டிய சிக்னல் ரொம்ப ரொம்ப சின்னது, நல்ல ஓவன்லயும் ரிங் போகும்.

உண்மையிலயே நிறுத்த வேண்டிய அறிகுறிங்க வேற: கதவு வளைஞ்சிருக்கு, கீல் ஆடுது, ஓரத்துல சீல் கிழிஞ்சிருக்கு இல்லன்னா கருகியிருக்கு, கண்ணாடி விரிசல், கதவு திறந்திருக்கும்போதே ஓடுது. இதுல எது இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிட்டு அப்புறம் பேசுங்க. கதவைக் கழட்டி மாட்டின மெக்கானிக்கை லீக்கேஜ் மீட்டர் வச்சு ஓரம் முழுக்க அளந்து காட்டச் சொல்லுங்க, மீட்டரே இல்லன்னு சொல்றவர்கிட்ட கதவு வேலையைக் குடுக்காதீங்க.